பதினான்கு ரிவெட்டுகள்

அக்டோபர் 12, 2024

நேற்று ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவினேன். சந்தனம் வைக்கலாம் என்று ஃபேரிங்கில், அதாவது பைக்கின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் கூட்டில், விரலை அழுத்தினால் பெயிண்ட் விரலோடு வந்துவிட்டது. ஒவ்வொரு ரிவெட் தலையைச் சுற்றியும் வட்ட வட்டமாகச் செதில் விட்டிருக்கிறது.

அண்ணன் மலேசியாவுக்குப் போகும்போது விட்டுப்போன 2007 ஹீரோ ஹோண்டா கரிஸ்மா பைக் இது, 223 சிசி. ஒருமுறை அவர் சறுக்கி விழுந்ததில் ஃபேரிங் இரண்டு இடத்தில் விரிந்தது. அப்போது வண்டியைச் சரிசெய்த கடையில் உள்பக்கம் அலுமினியப் பட்டை கொடுத்து 14 பாப் ரிவெட், அதாவது வெளிப்பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கும் குழல் ஆணி, அடித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அதன் மேலேயே பெயிண்டையும் அடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

தீபாவளிக்கு அண்ணன் வருகிறார். இன்று விஜயதசமி, எதைத் தொடங்கினாலும் விளங்கும் என்பாள் ஆத்தா. ஃபேரிங்கைக் கழற்றி, வீட்டு நடு முற்றமான வளவில் பழைய பாயை விரித்துக் கிடத்திவிட்டேன்.

அக்டோபர் 13

காரைக்குடிக்குப் போய்ப் பெயிண்டரைப் பார்த்தேன். "எதற்குத் தம்பி கழற்றி மாட்டிக்கொண்டு? மேலேயே பட்டி பார்த்து அடித்தால் ரிவெட் இருப்பதே தெரியாது" என்றார்.

ஆறு மாதத்துக்குத் தெரியாதுதான். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வெயிலில் ஒரே அளவாக விரிவதில்லை. இன்ஜின் நடுக்கம் வேறு. பட்டி எங்கே விரிசல் விடும் என்று சோதிடம் பார்க்க வேண்டியதில்லை, ரிவெட்டின் விளிம்பில்தான். அந்த விளிம்புக்குள் உப்புத்தாளும் நுழையாது. பழைய அழுக்கின் மேல் புதுப் பெயிண்ட் உட்காரும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "அடிப்பது என் பொறுப்பு, கழற்றுவது உன் பாடு" என்றார். நியாயமான ஒப்பந்தம்.

ஹார்டுவேர் கடையில் ஃபேரிங் ரிவெட் என்று கேட்டேன். பையன் உள்ளே போய் 6202 பேரிங் எடுத்து வந்தான்.

அக்டோபர் 14

இன்று முழுக்க ரிவெட் கழற்றினேன்.

பாப் ரிவெட்டின் நடுவில் ஒரு குழி இருக்கும். ரிவெட் அடிக்கும்போது இழுபட்டு முறிந்த எஃகு ஊசியின் மிச்சம் அதற்குள் உட்கார்ந்திருக்கும். அதை வெளியேற்றாமல் டிரில் வைத்தால் பிட் எஃகில் ஏறாது. வழுக்கி ஃபேரிங்கில் கோடு கிழிக்கும். முதல் ரிவெட்டிலேயே கிழித்துவிட்டேன். பிறகு மூன்று அங்குல ஆணியின் முனையைத் தட்டையாக அராவி, ஊசியை முதலில் உள்பக்கமாகத் தட்டி விழ வைத்தேன். அதன் பிறகு 3.2 மில்லிமீட்டர் பிட், மெதுவான சுற்று. ரிவெட் முழுவதையும் துளைக்க வேண்டியதே இல்லை. தலை மட்டும் அறுந்தால் போதும். அறுந்த கணத்தில் அது சின்ன மோதிரம்போலப் பிட்டில் ஏறிச் சுற்றும். அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

ஒன்பதாவது ரிவெட் தளர்ந்திருந்ததால் பிட்டோடு சேர்ந்து சுற்றியது. பின்பக்கம் கட்டிங் பிளையரால் பிடிக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தது என் முட்டாள்தனம். ஃபேரிங் ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக், 100 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டினாலே இளகிவிடும். கருகல் வாடை வந்து நான் நிறுத்துவதற்குள் துளை கோணலாக, கடலை நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டது.

பட்டையைப் பிரித்தால் உள்ளே சுண்ணாம்பு கொட்டியதுபோல வெள்ளைப் பொடி. எஃகு ஊசி, அலுமினியம், நடுவில் மழைத்தண்ணீர்: மூன்றும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் இருக்கிறது. உலோக அரிப்பைப் பற்றி ஆராய்வது அவர்கள் வேலைகளில் ஒன்று. நானோ பதினேழு வருட வண்டியைப் பிரித்துத்தான் இதைக் கற்றுக்கொள்கிறேன்.

அக்டோபர் 16

மழை. வளவுக்குள் தண்ணீர் கொட்டுகிறது. ஃபேரிங் கூரைக்குக் கீழே, பட்டாலைக்கு இடம் மாறியது. ஆத்தா எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் பார்த்தாள்.

ஒன்பதாம் துளைக்கு வைத்தியம்: ஃபேரிங்கின் உள் விளிம்பிலிருந்து உடைந்து தொங்கிய துண்டைப் பொடியாக நறுக்கி, கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஊறவைத்தேன். சில மணி நேரத்தில் கேழ்வரகுக் கூழ் பதத்துக்கு வந்தது. துளையின் பின்பக்கம் டேப் ஒட்டி, கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து நிரப்பினேன். அதே பிளாஸ்டிக் என்பதால் ஒட்டுப்போட்டதாக இல்லாமல் உடம்போடு சேர்ந்துவிடுகிறது. ஒரேயடியாக அப்பினால் உள்ளே குமிழி நிற்கும்.

அக்டோபர் 19

கூழ் கல்லாக இறுகிவிட்டது. தேய்த்துச் சமப்படுத்தி, புதிதாகத் துளையிட்டேன். மீதி நேரமெல்லாம் தேய்ப்பு: 400 நம்பர் உப்புத்தாள், பிறகு அதைவிட நைசான 800, தண்ணீர் விட்டு. விரல் நுனியில் ரேகை அழிந்திருக்கிறது.

அக்டோபர் 24

ஐந்து நாள் பெயிண்டர் கடையில் சும்மா கிடந்தது. ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்ட் பூத்து வெள்ளையடித்துப்போகும் என்று அவர் தொட மறுத்தார். எனக்கு அவசரம், அவர் செய்ததுதான் சரி. இன்று வெயில் வந்தது. பிளாஸ்டிக் பிரைமர், சிவப்பு மூன்று கோட், மேலே நிறமில்லாத கிளியர் கோட். "அப்படியே ஒரு வாரம் விட்டுவிடு, தம்பி. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் காய்ந்திருக்காது" என்றார்.

அக்டோபர் 25

ரிவெட் வாங்கினேன். 12 மில்லிமீட்டர் நீளத்தை எடுத்து வைத்து, "நீளமாக இருந்தால் என்ன, உள்ளேதானே போகிறது" என்றார் கடைக்காரர். உள்ளே போய்க் கோணலாக மடங்கும், இறுக்காது. பிளாஸ்டிக் 2.5, பட்டை 1, வாசர் இரண்டும் சேர்ந்து 1, ஆக 4.5 மில்லிமீட்டர், அதோடு ரிவெட்டின் விட்டம் 3.2 சேர்த்தால் 7.7. எனக்கு வேண்டியது 8. தலை அகலமானதாகக் கேட்டு வாங்கினேன், பிளாஸ்டிக்கில் பாரம் பரவ வேண்டும்.

அக்டோபர் 29

அடுப்படியில் சீப்புச் சீடைக்கு மாவு பிசைகிறார்கள். பட்டாலையில் நான் ரிவெட் கன்னோடு உட்கார்ந்திருக்கிறேன். பெயிண்ட் அடித்து ஐந்து நாள்தான் ஆகிறது. நாளை அண்ணன் வந்துவிடுவார்.

கைப்பிடியை மெல்ல அழுத்தினால் ஊசி இழுபடுவது உள்ளங்கையில் தெரிகிறது. இறுக்கம் கூடிக்கொண்டே வந்து, 'டக்' என்று முறிகிறது. தலைக்கு அடியில் நைலான் வாசர், பின்பக்கம் அலுமினிய வாசர். நான் பயந்துகொண்டிருந்த ஒன்பதாவது அருமையாக உட்கார்ந்தது. பதின்மூன்று வரை ஒரு குறையும் இல்லை.

பதினான்காவதற்கு நைலான் வாசரைக் காணவில்லை. பாயை உதறிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒன்றுதானே என்று வாசர் இல்லாமலே அடித்தேன். தலையைச் சுற்றிக் கிளியர் கோட்டில் மயிரிழை விரிசல், முக்கால் வட்டத்துக்கு.

"திருஷ்டிக்கு இருக்கட்டும்" என்றாள் ஆத்தா.

வாசர் இப்போதுதான் கிடைத்தது. என் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. 3.2 பிட்டைத் துடைத்து வெளியிலேயே வைத்திருக்கிறேன்.