வடிகாலில் தொடங்கும் வளாகம்

டெல்டாவில் பல்கலைக்கழக வளாகம் வரைய வருகிற வெளியூர்க் கட்டடக்கலைஞர்கள் முதல் நாள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நிலம் எவ்வளவு சமமா இருக்கு, வேலை சுலபம்." வரப்புகளை வழித்துவிட்டால் எதையும் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சமம்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். தண்ணீர் வடியச் சரிவு வேண்டுமே!

மற்ற ஊர்களில் ஒரு மீட்டர் உயர இடைவெளியில் மட்டக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்டால் நிலத்தின் மேடு பள்ளம் தெரிந்துவிடும். இங்கே அப்படிப் போட்டால் முழு நிலத்துக்கும் ஒரு கோடு விழுந்தாலே அதிகம். நாங்கள் 20 செ.மீ. இடைவெளியில் எடுக்கச் சொல்வோம். வரப்பு வரப்பாக ஸ்டாஃபை, அதாவது மட்டம் பார்க்கும் அளவுகோலை, தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதால் சர்வே பையன்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அந்த வரைபடம் வந்ததும்தான் நிலம் வாய் திறக்கும். தூர்ந்துபோன குட்டை எங்கே இருந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் தெரியும். பாசன வாய்க்கால் மேட்டில் ஓடும், வடிகால் பள்ளத்தில் ஓடும். மேலே இருக்கிற வயலுக்கு வடிகாலாக இருப்பது கீழே போய் இன்னொருவர் வயலுக்குப் பாசனமாகிவிடும். ஆகவே நம் நிலத்துக்குள் ஓடுகிற வாய்க்கால் நம்முடையது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கிரயப் பத்திரத்தில் நூறு ஏக்கர் என்று இருக்கும். புல வரைபடத்தை விரித்தால் நடுவில் வாய்க்கால் புறம்போக்கு பாம்பாக நெளிந்துகொண்டிருக்கும்.

வெண்ணாற்றுப் பாசனத்தில் நான் வேலை பார்த்த வளாகம் ஒன்றில் இதுதான் முதல் சண்டை. பெயர் வேண்டாம். பெரிய நகரத்திலிருந்து வந்த ஆலோசகர்கள் வாய்க்காலை மதில் ஓரமாகத் திருப்பி, பாக்ஸ் கல்வெர்ட்டில் (பெட்டி வடிவக் கான்கிரீட் வழியில்) மூடிவிடலாம் என்றார்கள். படத்தில் அழகாகத்தான் இருந்தது: நடுவில் நீண்ட புல்வெளி, அதன் முடிவில் தூண்கள் வைத்த நிர்வாகக் கட்டடம். செங்கோணத்தில் திரும்பும் வாய்க்காலில் வண்டல் எங்கே தங்கும், மூடிய கல்வெர்ட்டுக்குள் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் யார் உள்ளே இறங்கி எடுப்பது என்று கேட்டேன். பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம் என்று பதில் வந்தது.

அந்தக் கோடையில், வாய்க்கால் காய்ந்து கிடந்தபோது, கடைமடையில் நிலம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் எங்களை மதகடிக்குக் கூட்டிப்போனார். மதகின் பக்கச் சுவரில் கறுப்பும் பச்சையுமாகப் பாசிக் கறை, அடுக்கடுக்காக. கைத்தடியால் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"எழுபத்தேழு புயலுக்கு இதுவரைக்கும் நின்னுச்சு தம்பி."

தடி ஒரு சாண் மேலே போனது. "நிஷா புயலுக்கு இது."

"ரெண்டாவதுல மழை அதிகமோ, ஐயா?"

"மழை என்ன மழை. நடுவுல ரோட்ட ஒசத்திப்புட்டாங்கல்ல. தண்ணி எங்க போவும்?"

1977-க்கும் 2008-க்கும் இடையில் நடந்ததை இதைவிடச் சுருக்கமாக எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் படித்ததில்லை. ஸ்டாஃபை அந்த மேல் கோட்டில் வைத்து மட்டம் எடுத்தோம். எங்கள் பேஸ்மட்டக் கணக்கு முழுக்க அதிலிருந்துதான் தொடங்கியது.

மட்டம் கிடைத்ததும் அடுத்த யோசனை வந்தது: முழு நிலத்தையும் ஒரு மீட்டர் உயர்த்திவிடலாமே! ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நூறு ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்த நாலு லட்சம் கன மீட்டர் மண் வேண்டும். டிப்பருக்கு 10 கன மீட்டர் என்று வைத்தாலும் 40,000 நடை. அந்தச் செலவைக்கூட ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் நாலு லட்சம் லிட்டர். வயலாக இருந்தவரை வரப்பு அதைப் பிடித்துவைத்து மெல்ல விடும். மேடாக்கி, கூரை போட்டு, பேவர் பிளாக் பதித்தால் அத்தனையும் ஒரே மூச்சில் பக்கத்து ஊருக்குள் இறங்கும். ரோட்டை உயர்த்தியவர்கள் செய்ததையே நூறு ஏக்கர் அளவில் செய்ததாகிவிடும்.

இதற்கு விடை எங்கள் ஊர்களிலேயே இருக்கிறது. டெல்டா கிராமம் எதையும் பாருங்கள், வீடுகள் மேடான திடலில் இருக்கும், சுற்றிலும் வயல் தாழ்ந்திருக்கும், திடல் ஓரத்தில் ஒரு குளம் இருக்கும். திருவாரூரில் "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்பார்கள். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கமலாலயம் என்கிற அந்தக் குளத்துக்குக் கோயிலுக்குச் சமமான பங்கு. நிலம் வாங்கினோம், அதில் மூன்றில் ஒரு பங்கைக் குளத்துக்கு மட்டும் விடுங்கள் என்று இன்றைக்கு ஒரு நிதிக் குழுவிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்!

நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. கட்டடங்களைத் துறை வாரியாகச் சிதறவிடாமல் மூன்று திடல்களில் சேர்த்தோம். இடையில் உள்ள தாழ்நிலத்தில் குளமும் விளையாட்டு மைதானமும். ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் நின்றால் நிற்கட்டும், அப்போது யாரும் அங்கே கிரிக்கெட் ஆடப்போவதில்லை. வாய்க்கால் அதன் வழியிலேயே இருந்தது, மேலே பாலங்கள் வந்தன. திடலால் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. கட்டடம் ஒவ்வொன்றையும் தனித்தனியே 1.2 மீட்டர் உயர்த்தினால் சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் 14.4 மீட்டர் சாய்தளம் வேண்டும், இடையில் நின்று மூச்சுவாங்கும் சமதளம் தனி. எல்லாவற்றையும் ஒரே திடலில் வைத்தால் ஒரு சாய்வுச் சாலை போதும், அதற்குப் பிறகு வகுப்பு, நூலகம், கேன்டீன் எல்லாம் ஒரே மட்டம்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் தஞ்சைக்கு மேற்கே வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் இருக்கிறது. அங்கே தரை கெட்டி. கிழக்கே வரவர களிமண். பங்குனி, சித்திரையில் வெடித்திருக்கும் வயலில் முழங்கைவரை கையை விடலாம். மழைக்கு அதே மண் ஊதி, தரையைத் தூக்கும். ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அண்டர்ரீம்டு பைல் இதற்கென்றே வந்தது. அடியில் குமிழ் போல விரிந்த தூண், ஈரம் ஏறி இறங்கும் ஆழத்துக்குக் கீழே போய் ஊன்றிக்கொள்ளும். பெரிய கட்டடங்களுக்கு யாரும் இதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. சிக்கனம் பிடிப்பது காவலர் அறையிலும் சைக்கிள் ஷெட்டிலும் மதில் சுவரிலும். அதனால் வளாகத்துக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது வாசலில் விரிசல் விட்ட காவலர் அறையை. குளம் வெட்டிய மண்ணை எடுத்துக் கட்டடத் தரைக்குக் கீழே கொட்டி மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள், அதற்கும் இடம் கொடுக்கக் கூடாது. அந்தக் களியைத் தோட்டத்துக் கரைகளுக்குப் போட்டுவிட்டு, பேஸ்மட்டத்துக்கு வல்லம், செங்கிப்பட்டி பக்கத்துக் கிராவலைத்தான் அடிக்க வேண்டும்.

மதில் சுவருக்கு இன்னொரு கதை உண்டு. கல்லூரி ஒன்று நிலம் முழுவதையும் சுற்றி ஓட்டையே இல்லாமல் மதில் எழுப்பியது. விளிம்பு கட்டிய தாம்பாளம்தான். முதல் அடைமழையில் மதிலுக்கு வெளியே ஒரு தெருவே தண்ணீரில் நின்றது. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கடப்பாரை போட்டு இரண்டு இடத்தில் திறந்துவிட்டார்கள். நிர்வாகம் போலீசுக்குப் போனது. உடைத்த இடங்கள் இரண்டும் பழைய புல வரைபடத்தில் வடிகால் கடக்கிற இடங்கள். உடைத்தவருக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

அப்புறம் நாள்காட்டி. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் தோண்டிய குழியில் ஊற்று வரும்; ஐப்பசியில் மேலேயிருந்தும் வரும். அஸ்திவாரம் தை கழிந்து வைகாசிக்குள் தரைக்கு மேலே வந்துவிட வேண்டும். அரசாங்கக் காசோ மார்ச் மாதம் அனுமதியாகி, ஆகஸ்டில் டெண்டர் திறந்து, அக்டோபரில் பூமி பூஜை. இதைச் சொன்னால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டார் வாடகை பில்லைப் பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிடும்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். சட்டம் நல்லது. ஆனால் நிலத்தடி நீர் கார்த்திகையில் தரைக்கு அருகில் வந்துவிடும் இடத்தில் உறிஞ்சுகுழி வெட்டினால் அது தானே நிரம்பி நம்மைப் பார்க்கும். கடலோரம் நெருங்க நெருங்க அடித்தண்ணீர் உப்பு. கூரைத் தண்ணீரைக் குளத்துக்கும் தொட்டிக்கும் கொண்டுபோவதுதான் இங்கே பயன். படிவத்தில் குழிகளின் எண்ணிக்கை கேட்பார்கள், நாங்களும் எழுதிக் கொடுப்போம்.

'நவீனம்' என்று நிர்வாகம் கேட்கிற பட்டியலில் பாதி எளிதாக முடிகிற விஷயம். கேபிளுக்குத் தலைக்கு மேலே ஓடும் தட்டு, மின்மாற்றியும் ஜெனரேட்டரும் சர்வர் அறையும் வெள்ள மட்டத்துக்கு மேலே, தடுப்பை நகர்த்தினால் பெரிதாகிற வகுப்பறை. இவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சண்டை கண்ணாடி முகப்பில். மேற்கு வெயிலுக்கு நேராகக் கண்ணாடிச் சுவர் வைத்துவிட்டு, உள்ளே திரை போட்டு, விளக்கு எரித்து, குளிர்சாதனம் ஓட்டுகிற கட்டடத்தை நவீனம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கிழக்கு மேற்காக நீண்டு, தெற்கில் அகலமான தாழ்வாரம் வைத்தால் சித்திரையிலும் மின்விசிறியோடு பாடம் நடக்கும். 2018-இல் கஜா வந்தபோது கூரைத் தகடுகள் பறந்ததையும், தென்னைகள் சாய்ந்து கிடக்கப் பனைகள் நின்றதையும் பார்த்த பிறகாவது இந்தக் கண்ணாடி ஆசை குறையும் என்று நினைத்தேன்.

இன்னொன்று, இங்கே படிக்க வருகிறவர்களில் ஏராளமானோர் டவுன் பஸ்ஸில் வருகிற கிராமத்துப் பிள்ளைகள். பல வரைபடங்களில் கார் நிறுத்தம் வாசலிலேயே இருக்கும், பஸ் நிறுத்தம் மதிலுக்கு வெளியே வெயிலில். கும்பகோணத்தில் 1854-இல் தொடங்கிய அரசுக் கலைக் கல்லூரிக்குக் காவிரிக் கரையில் மரநிழலில் நடந்து போகலாம். நாங்கள் பஸ்ஸை முதல் திடலின் ஓரம்வரை உள்ளே விட்டோம். துணைவேந்தரின் கார் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்காக நடந்த கூட்டங்களைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

இன்னும் தீராமல் இருப்பது விடுதிக் கழிவுநீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் செலவு என்று கணக்கு. இரண்டாயிரம் பேருக்கு 2.7 லட்சம் லிட்டர், அதில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியேறும். சுத்திகரித்து மரங்களுக்கு விடுவது கோடைக்குச் சரி. மழைக்காலத்தில் மரம் ஏற்கெனவே தண்ணீரில் நிற்கும். வாய்க்காலில் விடக் கூடாது என்று கடைமடைக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், நியாயம்தான். தனிக் குளம் ஒன்று வெட்டித் தேக்கிவைக்க இரண்டாம் திடலின் வடக்கே இடம் காட்டியிருக்கிறோம். நிதி அதிகாரி அந்த இடத்தில் கலையரங்கம் வரும் என்கிறார். அது முடிவாகும்வரை விடுதிக்குப் பைல் போடவில்லை, வைகாசி நெருங்குகிறது.