பைரேட்ஸ் வீக்ல கிராண்ட் கேமன்: டைவிங் குரூப்போட போறவங்களுக்கு

டைவிங் ட்ரிப்னு குரூப்பா கிளம்பினாலே ஒரு விஷயம் கண்டிப்பா வரும், பாதிப் பேர் டைவ் பண்றவங்க, மீதிப் பேர் அவங்க வீட்டுல இருக்கறவங்க, பசங்க, தண்ணிக்குள்ள தலைய விடவே மாட்டேன்னு சொல்றவங்க. காலைல நாம போட் ஏறிப் போயிட்டா அவங்க என்ன பண்ணுவாங்க, சாயந்திரம் களைச்சு வந்து நாம படுத்துட்டா அவங்களுக்கு அது என்ன லீவு? அதனாலதான் கரீபியன் கடல்ல இருக்கற கிராண்ட் கேமன் தீவுன்னு முடிவானதுமே நவம்பர்ல பைரேட்ஸ் வீக்ங்கற கடல் கொள்ளைக்காரத் திருவிழா நடக்கறப்பதான் போகணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். இப்பவும் அதையேதான் சொல்வேன், இப்படி எல்லாரும் கலந்து போற குரூப்புக்கு இத விட நல்ல சமயம் கிடையாது.

இந்த விழா 1977ல ஆரம்பிச்சது, டூரிஸ்ட் கூட்டம் கம்மியா இருக்கற மாசத்துல ஆளுங்கள வரவைக்கத்தான் முதல்ல யோசிச்சாங்க, ஆனா இப்ப அது அந்த ஊர்க்காரங்களோட சொந்தத் திருவிழா. தலைநகர் ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குக் கப்பல்ல கடல் கொள்ளைக்காரங்க வந்து இறங்கறாங்க, வெடிச் சத்தம், புகை, கரைல நிக்கற கூட்டம் கத்துது, கடைசில தீவோட கவர்னரையே பிடிச்சுட்டுப் போற மாதிரி நடிக்கறாங்க, அப்புறம் ஊர்வலம், பாட்டு, வாணவேடிக்கை. என் பக்கத்துல ஒரு பாட்டி தலைல சிவப்புத் துணி கட்டி இடுப்புல அட்டைக் கத்தி சொருகிட்டு நின்னாங்க, பேத்தியோட கண்பட்டை நழுவ நழுவ அத இறுக்கிக் கட்டி விட்டுட்டே கப்பலப் பாத்து அவங்கதான் எல்லாரையும் விட சத்தமா கூவினாங்க. இதுக்குப் பின்னாடி நிஜமான வரலாறும் இருக்கு. 1503ல கொலம்பஸ் இந்தப் பக்கம் வந்தப்பவே கடல் முழுக்க ஆமையா இருந்துச்சாம், அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு கப்பல்காரங்க, கொள்ளைக்காரங்களும் சேத்துதான், ஆமைக்கறிக்கும் நல்ல தண்ணிக்கும் இங்க நிறுத்திட்டுப் போயிருக்காங்க.

சரி, டைவிங்குக்கு வர்றேன்.

வழக்கமா காலைல ரெண்டு டேங்க், அதாவது ரெண்டு காத்து சிலிண்டர், ரெண்டு டைவ். முதல் டைவ் ஆழம், 30 மீட்டர் வரைக்கும், ரெண்டாவது ரீஃப், அதாவது பவளத்திட்டு மேல 15, 18 மீட்டர்ல நிதானமா. மதியத்துக்குள்ள கரைக்கு வந்துடலாம், சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டா சாயந்திரம் விழாவுக்குப் போக உடம்புல தெம்பு இருக்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு நாங்களே போட்டுக்கிட்டோம், மறுநாள் காலைல டைவ் இருக்கறவங்க ராத்திரி சரக்கு தொடக்கூடாது. சரக்கு உடம்புல இருக்கற தண்ணிய வத்த வைக்கும், அப்படி தண்ணி குறைஞ்ச உடம்போட ஆழத்துக்குப் போனா டிகம்ப்ரஷன் சிக்கல் (மேல வர்றப்ப ரத்தத்துல நைட்ரஜன் குமிழி உண்டாகறது) வர்ற வாய்ப்பு கூடும், அதுல விளையாடக்கூடாது.

வடக்குப் பக்கம் இருக்கற நார்த் வால் (North Wall), அதாவது கடலுக்குள்ள செங்குத்தா இறங்கற செவுரு, அதப் பத்தி எவ்வளவு சொன்னாலும் பத்தாது. ரீஃப் மேல நீந்திட்டே போறோம், திடீர்னு தரை முடிஞ்சு நேரா கீழ இறங்குது, கீழ நீலம், அதுக்கும் கீழ கருநீலம், அவ்வளவுதான். தீவுக்குத் தெற்குல இருக்கற கேமன் ட்ரெஞ்ச்ங்கற கடலடிப் பள்ளம் 7,600 மீட்டருக்கும் மேல ஆழம், அது மனசுல இருக்கறப்ப அந்த ஓரத்துல மிதக்கறது வேற மாதிரி இருக்கும். எங்க குரூப்ல ஒரு அக்காவுக்கு இதுதான் முதல் வால் டைவ், போட்லயே கை சில்லிட்டுப் போச்சு. எங்கள வழிநடத்தற டைவ்மாஸ்டரா இருந்த பெரியவர் வந்து, கீழ பாக்க வேண்டாம், செவுத்தயே பாத்துட்டு என் பக்கத்துல வாங்கன்னு சொன்னார். அக்காவும் செவுத்தயே பாத்தாங்க, பீப்பா சைஸ் ஸ்பாஞ்ச், அதுக்குள்ள ஒளிஞ்சிருந்த குட்டி இறால், விசிறி மாதிரி அசையற பவளம், பத்து நிமிஷத்துல மூச்சு சீராகி அவங்களே எனக்கு ஓகே சிக்னல் காட்டினாங்க. குரூப்பா போறப்ப நண்பர்கள்னு ஜோடி சேக்காதீங்க, காத்து யாருக்கு எவ்வளவு வேகமா தீருதுன்னு பாத்து சேருங்க, இது என்னோட உறுதியான கருத்து. சீக்கிரம் தீர்றவரையும் மெதுவா தீர்றவரையும் சேத்தா ஒருத்தர் அவசரப்படுவார், இன்னொருத்தர் பாதில ஏற வேண்டியிருக்கும்.

கிட்டிவேக் கப்பலத் தவற விடவே கூடாது. அமெரிக்கக் கடற்படையோட நீர்மூழ்கி மீட்புக் கப்பல், 1946ல இருந்து 1994 வரைக்கும் வேலை பாத்தது, 1986ல சேலஞ்சர் விண்வெளி ஓடம் விபத்துக்கு அப்புறம் சிதறின பாகங்களக் கடல்ல இருந்து எடுத்த வேலைலயும் இருந்திருக்கு. 2011 ஜனவரில மேற்குக் கரைல இருக்கற செவன் மைல் பீச் பக்கத்துல வேணும்னே மூழ்கடிச்சு டைவர்களுக்காக விட்டுட்டாங்க. 76 மீட்டர் நீளம், முதல்ல நேரா நின்னுட்டு இருந்தது, 2017ல வந்த புயல் அலைல ஒருக்களிச்சு சாஞ்சுடுச்சு. அதனால உள்ள நுழைஞ்சா எது தரை எது செவுருன்னு மூளை கொஞ்ச நேரம் தடுமாறும், படிக்கட்டு பக்கவாட்டுல போகுது, கதவு மேல இருக்கு. ஆனா பெரிய பெரிய ஓட்டையா வெட்டி வெச்சிருக்கறதால எங்க இருந்தாலும் வெளிச்சம் தெரியும். ஆழ்கடல் டைவர்களக் காப்பாத்த வெச்சிருந்த ரீகம்ப்ரஷன் சேம்பர், அதாவது டிகம்ப்ரஷன் சிக்கல் வந்தவங்கள வெச்சு காத்தழுத்தம் கூட்டி சரி பண்ற அறை, உள்ள இருக்கு, அத நேர்ல பாக்கறப்ப டைவரா இருக்கற யாருக்குமே மரியாதை வரும். வெளிய மணல்ல கார்டன் ஈல்ங்கற ஒல்லியான விலாங்கு மீனுங்க கூட்டமா தலைய நீட்டிட்டு ஆடும், கிட்டப் போனதும் ஒண்ணொண்ணா மண்ணுக்குள்ள போயிடும்.

டைவ் பண்ணாதவங்களயும் சேத்துக் கூட்டிட்டுப் போகணும்னா ஸ்டிங்ரே சிட்டி. டைவர்களுக்கு 4 மீட்டர் கூட இல்லாத ஆழம், மத்தவங்களுக்குப் பக்கத்துலயே இடுப்பளவு தண்ணில மணல் திட்டு. மீனவங்க அந்த இடத்துல மீன் சுத்தம் பண்ணப்ப கழிவத் திங்க வந்து பழகின திருக்கைங்க, பசங்க கால உரசிட்டே போகும். கால இழுத்து இழுத்து நடக்கணும், தூக்கி வெச்சு மிதிச்சுடக்கூடாது.

ரூல்ஸ் கடுமை, எனக்கு அது ரொம்பப் பிடிச்சது. மரைன் பார்க்னு பாதுகாக்கற கடல் பகுதில கையுறை போட்டு டைவ் பண்ணக்கூடாது, கையுறை இருந்தா எதையாவது பிடிக்கத் தோணும்ல, சிப்பி பவளம் எதையும் எடுக்கவும் கூடாது. போட்டெல்லாம் நங்கூரம் போடாம நிரந்தர மிதவைல கட்டறாங்க, ரீஃப் இன்னும் உயிரோட இருக்கறதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

நவம்பர்ல வடமேற்குக் காத்து அடிக்க ஆரம்பிச்சா மேற்குப் பக்கம் கொந்தளிக்கும், அப்ப போட்ட தெற்குப் பக்கம் திருப்புவாங்க, அதனால கிட்டிவேக்க முதல் ரெண்டு நாள்லயே முடிச்சுடுங்க. விலை சொன்னா எந்த டாலர்னு கேட்டுக்கோங்க, 1 கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர், குரூப் பில்லுல அது பெரிய வித்தியாசம். அதே டிகம்ப்ரஷன் ஆபத்துக்காக கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல குறைஞ்சது 18 மணி நேரம் விடணும், அந்த நாள ஊர் ஊரா நடக்கற ஹெரிடேஜ் டேங்கற பாரம்பரிய விழாவுக்கு ஒதுக்குங்க. அங்க மரவள்ளிக்கிழங்குல செய்ற ஹெவி கேக் காலைலயே தீர்ந்துடும், சீக்கிரம் போங்க.