பாடத்தில் படித்த விண்மீன் மண்டலம்

விண்மீன், விண்மீன் மண்டலம், பிரபஞ்சம் மூன்றையும் நம் விஞ்ஞானப் பாடத்தில் வரைவிலக்கணங்களாகவே மனனம் செய்தோம். பரீட்சைக்கு அது போதுமாயிருந்தது. தூரங்களும் சேர்ந்தால்தான் அவை மனத்தில் தங்கும் என்று நம்புவதால், அவற்றை இம்மலரில் எழுதுகிறேன்.

ஒளியாண்டு என்பது தூரத்தின் அளவு, ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம். ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். சூரிய ஒளி நம்மை எட்ட 8 நிமிடம் 20 விநாடி ஆகும். சூரியனுக்கு அடுத்துள்ள விண்மீனான புரொக்சிமா சென்டோரியிலிருந்து 4.24 ஆண்டு. சூரியனை 1 செ.மீ. கோலிக்குண்டாக வைத்தால் பூமி ஒரு மீற்றருக்குச் சற்று அப்பால், மணல் துகளைவிடச் சிறிதாக இருக்கும். புரொக்சிமாவோ சுமார் 290 கி.மீ. தள்ளி! இப்படிப் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் பரந்து கிடப்பதுதான் நம் விண்மீன் மண்டலமான பால்வீதி. குறுக்களவு ஏறத்தாழ 1 இலட்சம் ஒளியாண்டு. வெறுங்கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் விண்மீன்கள் எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம்.

வானில் பஞ்சுபோல் மங்கலாகத் தெரியும் அன்ட்ரொமீடாவும் இதற்குள் இருக்கும் ஒரு மேகமே என்று பலர் கருதிய காலம் இருந்தது. 1923இல் வானியலாளர் எட்வின் ஹபிள் அதில் ஒரு செஃபீட் விண்மீனைக் கண்டார். செஃபீட் ஒளிர்ந்து மங்கும் கால அளவு அதன் உண்மையான பிரகாசத்தைச் சொல்லிவிடும். ஹென்றியேட்டா லீவிட் கண்டறிந்த தொடர்பு இது. நமக்குத் தெரியும் பிரகாசத்தை அதனுடன் ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். ஹபிளுக்குக் கிடைத்தது சுமார் 9 இலட்சம் ஒளியாண்டு. செஃபீட்டில் இரு வகை உண்டு என்பது அப்போது தெரியாததால் கணக்கு குறைந்துபோனது. இன்றைய மதிப்பு சுமார் 25 இலட்சம். குறைவான கணக்கிலும் அது பால்வீதிக்கு வெளியேதான் நின்றது. அதாவது, அதுவும் தனியொரு விண்மீன் மண்டலம். பிரபஞ்சம் எவ்வளவு பெரிது என்பது அதன்பின்தான் புரியத் தொடங்கியது.

அன்ட்ரொமீடாவை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். நிலவில்லாத நவம்பர் முன்னிரவு, நகர வெளிச்சம் எட்டாத இடம். அரை மணி நேரம் கைபேசித் திரையைத் தொடவேண்டாம். இருளுக்குப் பழகிய கண் ஒரு நொடி வெளிச்சத்தில் கெட்டுவிடும். நான்கு விண்மீன்கள் அமைக்கும் பெகாசசுச் சதுரத்தின் வடகிழக்கு மூலை விண்மீனிலிருந்து வடகிழக்கே இரண்டாவதாக வருவது மிராக். அங்கிருந்து W வடிவ விண்மீன் கூட்டமான கசியோப்பியா பக்கம் திரும்பி, மங்கலான இரு விண்மீன்களைத் தொடருங்கள். இரண்டாவதன் அருகே பஞ்சுபோல் தெரிவதே அன்ட்ரொமீடா. நேரே உற்றுப் பார்த்தால் மறையும். மங்கிய ஒளியை உணரும் கோல் கலங்கள் விழித்திரையின் நடுவில் இல்லை. சற்று ஒதுக்கிப் பாருங்கள். படங்களில் உள்ள சுருள் கைகளைத் தேடினால் ஏமாற்றமே. கண்ணுக்கு எட்டுவது ஒளி மிகுந்த மையப்பகுதி மட்டும்.

தென் அரைக்கோளத்தில் வசிப்போருக்கு அது வடக்கு அடிவானத்தை ஒட்டியே வரும். அவர்கள் தெற்கே பெரிய மெகலன் மேகத்தைப் பார்க்கலாம். அது சுமார் 1.6 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள இன்னொரு விண்மீன் மண்டலம்.