ஒரே குழி, மூன்று கணக்கு

பெர்லின் மாக்ஸ் பிளாங்க் அறிவியல் வரலாற்று நிறுவனத்தில் இருந்த பீட்டர் டாமெரோவ் (2011-இல் காலமானார்), இன்றைய இராக்கில் இருந்த உருக் நகரத்தின் சுமார் 5000 வருஷத்துக்கு முந்தைய களிமண் பலகைகளைக் கூட்டாளிகளோடு ஆராய்ந்தவர். பெரும்பாலும் வரவு செலவுக் கணக்குகள்.

அவற்றில் எண் குறியாக ஒரு வட்டக் குழி வரும். ஆடு எண்ணும்போது அது ஒன்றைக் குறிக்கும் அடிப்படைக் குறியைப் போல் 10 மடங்கு. வாற்கோதுமை அளந்தால் 6. நிலமென்றால் 18! எண் என்ற பொதுக் கருத்து அப்போது உருவாகவில்லை, கணக்கு பொருளோடு ஒட்டியே கிடந்தது என்பது டாமெரோவின் வாதம்.

பூதப்பாண்டிக்காரனான எனக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. தாத்தா நெல்லையும் கோட்டை என்ற அளவில் சொல்வார், வயலையும் ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ (அத்தனை கோட்டை விதை பிடிக்கும் பரப்பு) என்பார். கேட்பவருக்குக் குழப்பமே வராது. கணக்கு வாத்தியார்தான் முறைப்பார்.

பலகைகளின் படங்கள் இணையத்தில் இலவசம். பீர் காய்ச்சிய கணக்கை முதலில் பாருங்கள்.