மேளம் கேட்கப் போன கோயில்கள்

மாசி மகத்துக்கு மாத்தளைக்குப் போகிறவர்கள் முத்துமாரியின் தேர் பார்க்கப் போகிறார்கள். நான் மேளம் கேட்கப் போகிறேன். ஆத்தாளுக்கு இது தெரியும். இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கொழும்பில் நல்ல மண்டபங்களில் பெரிய வித்துவான்களைக் கேட்டிருக்கிறேன். மெத்தை நாற்காலி, குளிர்சாதனம், இடைவேளையில் வடையும் பிளேன்டீயும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்டதிலேயே பெரிய கச்சேரி எது என்று யாராவது கேட்டால், கோயில் வீதியிலும் தோட்டத்து வாசலிலும் கால் கடுக்க நின்று கேட்டவைதான் நினைவுக்கு வருகின்றன. அங்கே வாசிக்கிறவர் நமக்காக வாசிப்பதில்லை. சாமிக்கு வாசிக்கிறார். சாமி கேட்ட மிச்சம் நமக்கு. அந்த மிச்சத்தின் ருசி தெரிந்தவர்கள் மண்டபத்தில் கொஞ்சம் பசியோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஹட்டனிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாக மாத்தளைக்கு இன்னொரு பஸ். கோயில் ஏ9 வீதியிலேயே இருக்கிறது, யாழ்ப்பாணம் போகிற அதே வீதி. எங்கள் பாட்டன் பூட்டன்மார் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்ததும் இந்த வடக்குத் திசையிலிருந்துதான். கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்களில் வழியிலேயே செத்தவர்கள் போக, உயிரோடு வந்தவர்கள் கும்பிட்டு நின்ற இடம் இது. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததையொட்டி 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணமும் ஆகஸ்ட் 12இல் மாத்தளையில்தான் முடிந்தது.

ஒரு மரத்தடியில் சின்னச் சிலையாக இருந்தவளாம் அம்மன். 1852இல் வயல் காணியில் ஒரு துண்டு கொடுக்கப்பட்டு, நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் உதவியோடு 1874இல் கோயில் எழும்பியது. 1983 இனக் கலவரத்தில் அதற்கும் அடி விழுந்தது. இன்று பஸ்ஸிலிருந்தே கண்ணில் படுகிற 108 அடி இராஜகோபுரம் அதற்குப் பிறகு கட்டியது.

பஞ்சரத பவனி என்பதால் ஐந்து தேர். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கூட்டம். நான் தேரை விட்டுவிட்டு மேளத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிடுவேன். சாமி வசந்த மண்டபத்திலிருந்து எழும்பும்போது மல்லாரி. கம்பீர நாட்டையில், சாகித்தியம் எதுவும் இல்லாமல், வெறும் நடையாகவே வரும். அந்த முதல் வீச்சில் கூட்டத்தின் சத்தம் அப்படியே அமுங்கும். பக்கத்தில் நின்றால்தான் சில விஷயங்கள் தெரியும். நாதஸ்வரத்தின் கழுத்தில் நூலில் கட்டித் தொங்குகிற மாற்றுச் சீவாளிகள். வாசிப்பதற்கு முன் ஒன்றை வாயில் வைத்து நனைத்து, ஊதிப் பார்த்து, திருப்தியில்லாமல் இன்னொன்றை எடுப்பார். தவில்காரரின் வலக்கை விரல்களில் துணி சுற்றிப் பசை காய்ந்து கல்லாகிப்போன கூடுகள். அவை தோலில் படுகிற சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வந்துவிடும். இடக்கைக் குச்சியை அவர் ஓங்குவதே இல்லை, மணிக்கட்டை மட்டும் அசைக்கிறார்.

யாழ்ப்பாணத்து மேளம் என்றால் எங்கள் அப்பாவுக்கு ஒரே பெயர்தான், தவில் மேதை தட்சிணாமூர்த்தி. 1975இல் போய்விட்டார். நான் அவரை இசைத்தட்டில் கேட்டதோடு சரி. அப்பா ஒரு கோயிலில் நேரில் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிவிடும் என்று அம்மா தட்டை நகர்த்தி வைப்பார்.

யுத்தத்தில் 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது வடக்கிலிருந்து மேளக்காரர் வருகிற பஸ்ஸும் நின்றது. யுத்தம் முடிந்து வீதி திறந்த பிறகு போன ஒரு மாசி மகம்தான் நான் கேட்ட கச்சேரிகளில் முதலிடம். இரவு. அம்மனின் தேர் மின்கம்பிக்குக் கீழே நின்றுவிட்டது. நீளக் கம்பு வைத்துக் கம்பியை உயர்த்த இரண்டு பேர் ஏணியில் ஏறினார்கள், என்னவோ சரிவரவில்லை. வடம் பிடித்தவர்கள் வீதியில் குந்திவிட்டார்கள். அர்ச்சனைத் தட்டு நீட்டியவர்களும் ஓய்ந்தார்கள். வேறு வேலையில்லாத அந்த நேரத்தில் நாதஸ்வரக்காரர் தோடி ராகத்தை எடுத்தார்.

தோடிக்கே பேர்போன இராஜரத்தினம்பிள்ளைக்குப் பிறகு நாதஸ்வரத்தில் தோடியைத் தொட ஒரு துணிச்சல் வேண்டும். இவருக்கு அது இருந்தது. அவசரமே படவில்லை. கீழே காந்தாரத்தில் ஒரு அசைவு, மறுபடி அதே இடம், மறுபடி. ஏணியில் நிற்கிறவர் கம்பியைத் தூக்கிவிடப் போகிறாரே என்று எனக்குப் பதைப்பு. ஆத்தா, இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கம்பி அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்றைக்கு நான் வைத்த ஒரே வேண்டுதல் அதுதான், பலித்தது. அவர் மேல் ஸ்தாயிக்கு ஏறி நின்றபோது கடலைக்காரர் சுருள் சுற்றுவதை நிறுத்திவிட்டார். காசு நீட்டிய பையனும் நீட்டியபடியே நின்றான்.

பிறகு தவில் இரண்டும். ஒருவர் நரைத்தவர், மற்றவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. குறைப்பில் எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று ஆளுக்கு ஆள் சுருக்கிக்கொண்டே வரவேண்டும். பெரியவர் ஒரு இடத்தில் வேண்டுமென்றே எதிர்பாராத எடுப்பில் ஒன்றைப் போட்டுவிட்டுச் சின்னவரைப் பார்த்தார். பையன் அதை அப்படியே திருப்பிக் கொடுத்து, கூட ஒன்றும் சேர்த்துவிட்டான். பெரியவர் சிரித்துவிட்டார், தாளக்காரர் தலையில் கை வைத்தார். தோரணைக்குச் சிரிக்கிற சிரிப்பு வேறு, இது பேரப்பிள்ளையிடம் தோற்ற கிழவனின் சிரிப்பு. அதை ஐந்தடி தூரத்தில் பார்த்தேன்.

முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் "மகுடி!" என்று கத்தினார். எங்கே மேளம் வாசித்தாலும் யாராவது ஒருவர் மகுடி கேட்டே தீருவார். தோடி வாசித்த வாயால் அவரும் முகம் சுளிக்காமல் மகுடி வாசித்தார், பிள்ளைகள் பாம்பாட்டம் ஆடினார்கள். இதில் தரக்குறைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கம்பி உயர்ந்து, தேர் அசைந்து, மேளமும் நகர்ந்துவிட்ட பிறகும் நான் அசையவில்லை. அம்மா திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்தார். "ஏண்டி, சாமியே போயிருச்சு, இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறே?"

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் அந்த வசதியெல்லாம் கிடையாது. செக்ரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், மாதாமாதம் பிடிக்கிற கோயில் காசில் திருவிழா. யாழ்ப்பாண மேளத்துக்குக் கட்டுப்படியாகாது. எங்களுக்குத் தப்பு மேளம்தான்.

மலைக்குளிருக்குத் தப்பின் தோல் தொய்ந்துவிடும். அதனால் எங்கள் கச்சேரிக்குச் சுருதி சேர்ப்பது நெருப்புத்தான். நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் காய்ந்த சருகும் வைக்கோலும் குவித்துக் கொளுத்துவார்கள். சுற்றிக் குந்தியிருப்பவர்கள் தப்பின் முகத்தை அனலில் காட்டி, விலக்கி, விரலால் ஒரு சுண்டு. "தொப்" என்று கேட்டால் மறுபடி அனல். "டங்" என்று வரும்வரை எழும்பமாட்டார்கள். சின்ன வயதில் எங்கள் லயத்துத் தாத்தா ஒருவரிடம், "போதுமே தாத்தா, அடிங்க" என்று அவசரப்படுத்துவேன். "இரு பாப்பா, தோலு இன்னும் தூங்குது" என்பார். அந்தக் காலத்தில் விடிய முன்னே பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் எழுப்பினதும் இதே தப்புத்தானாம். எழுப்பினவர்களையும் எழும்பினவர்களையும் நினைத்தால், அதே தப்பைச் சாமிக்கு முன்னால் அடிக்கும்போது அவர்கள் கை ஏன் அவ்வளவு வேகமாகப் போனது என்பது விளங்குகிறது.

மாசியில் பிறை பார்த்துக் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியதும் தோட்டமே மாறிவிடும். ரதி, மதன் வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதமிருப்பார்கள். கடைசி இரவுக் கூத்துக்கு அம்மா மலையிலிருந்து இறங்கி, அவசரமாகச் சமைத்து, பாயும் கம்பளியும் சுருட்டிக்கொண்டு எங்களோடு இடம் பிடிக்க ஓடுவார். விடியவிடிய நடக்கும். தூதன் வருவான், எமன் வருவான், வீரபத்திரன் வருவான். ஒவ்வொருவருக்கும் அடி வேறு. ஆள் தெரியுமுன்னே தப்பைக் கேட்டு "எமன்!" என்று பிள்ளைகள் அலறிக் கம்பளிக்குள் நுழைவோம்.

ரதியாக வருவது ஆம்பிளைதான். பகலில் கவ்வாத்து வெட்டுகிற அண்ணன், நாங்கள் அன்றாடம் பார்க்கிறவர். ஆனால் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படுகிற மதனை மறித்து, கெட்ட கனவு கண்டேன், போகாதே என்று அவர் பாடும்போது அந்த அண்ணனை யாருக்கும் நினைவிருக்காது. நெற்றிக்கண் திறந்து கம்பம் எரிகிறது. தப்பு சட்டென்று நிற்கும். ரதியின் ஒப்பாரி மட்டும் தனியாக எழும்பும், மைக் இல்லாமல், கரகரத்த குரலில். அந்த இடத்தில் பெண்கள் எல்லோரும் அழுவார்கள். மதனுக்காக அழுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா அழுதுகொண்டே முணுமுணுத்தது தன் புருஷனின் பெயரை. அவர் போய்ப் பல வருஷம். ஒப்பாரியும் மெல்ல மெல்ல ஆளுக்கொரு பெயராகப் பிரிந்து, திடல் முழுக்க அவரவர் சாவுகளைப் பாடிக்கொண்டிருந்தது. சங்கீதம் என்ன செய்யும் என்று எந்த மண்டபமும் எனக்கு அதைவிடத் தெளிவாகக் காட்டியதில்லை.

இவ்வளவும் தப்பில் அடித்தவர்களுக்குக் கோயில் வாசலில் இடமுண்டு, உள்ளே இல்லை. திருவிழாவன்று கரகம் பாலிக்க ஆற்றுக்குப் போகும்போது தப்பு முன்னே போகும். கோயில் வாசலுக்கு வந்ததும் ஒதுங்கி நிற்கும். கண்டியிலிருந்தோ எங்கிருந்தோ ஒரு ஜோடி நாதஸ்வரம் வந்திருந்தால் அது உள்ளே போகும். சாவுக்கு அடிக்கிற மேளம் என்று காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் எந்தச் சாதி அடிக்கிறது என்பதுதான், அது வாசலில் நிற்கிறவர்களுக்கும் தெரியும், உள்ளே நிற்கிறவர்களுக்கும் தெரியும். மாரியம்மன் காட்டு வழியே எங்களோடு நடந்து வந்தவள் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த நடையில் அவளுக்கு நாதஸ்வரம் வாசித்தது யார்? இப்போது படித்த பிள்ளைகள், பொம்பிளைப் பிள்ளைகளும்தான், தப்பைக் கையில் எடுக்கிறார்கள். மேடையில் ஏற்றிக் கைதட்டுகிறோம். கர்ப்பக்கிருகத்துக்கு நேரே நின்று அடிக்க எப்போது விடுவோம் என்று தெரியவில்லை.

திருவிழாவின் கடைசி இரவு இசைக்கோஷ்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லொறியில் ஸ்பீக்கர் வரும், ஜெனரேட்டர் வரும், ஒக்டபேட் வரும், பாட்டுக்காரர் அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களுக்குப் பாடுவார். முதல் பாட்டு மட்டும் பக்திப் பாட்டு. நானும் ஆடியிருக்கிறேன். காலையில் ஒரு பாட்டும் நினைவிருக்காது.

சிவனொளிபாதமலை வேறு மாதிரி. அங்கே வித்துவான் என்று யாருமில்லை. மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய் நள்ளிரவில் ஏறத் தொடங்கினால், 2,243 மீற்றர் உயரம் வரை ஏறுகிறவர்களே பாடிக்கொண்டு போகிறார்கள். நமக்கு மேலே ஒரு சிங்களக் கிராமம் முழுக்க வெள்ளை உடுத்து ஏறுகிறது. ஒரு கிழவி முதலடியைச் சொல்ல மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே மறுமொழி பாடுகிறார்கள். கீழே எங்கள் ஆட்கள் "அரோகரா". இரண்டும் ஒரு திருப்பத்தில் கலந்து, யார் எந்தச் சாமியைக் கூப்பிடுகிறார்கள் என்று பிரிக்க முடியாமல் போகும். சிவன் பாதம், புத்தர் பாதம், ஆதம் பாதம் என்று மூன்று கூட்டமும் ஏறுகிற மலையில் அது குழப்பமாகவும் படவில்லை. உச்சியில் எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை முறை மணி அடிக்கவேண்டும். இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருந்த ஒரு ஐயாவை எண்ணிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன். சூரியன் வரும் நேரம் மேளம் ஒலிக்கும். மார்கழிப் போயாவிலிருந்து, அதாவது பௌர்ணமியிலிருந்து, வெசாக் வரை பருவகாலம். வார இறுதியையும் போயா நாளையும் தவிர்த்துப் போனால் பாட்டுக் கேட்கும், நெரிசலில் மாட்டினால் திட்டுத்தான் கேட்கும்.

மாத்தளைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: தேருக்கு முன்னால் முட்டி மோதாமல், தவில்காரரின் வலக்கைப் பக்கம் நில்லுங்கள். தவிலின் குச்சிப் பக்கம் அங்கே வராது, விரல் கூட்டின் பேச்சு துல்லியமாகக் கேட்கும். வெயில் கடுமை, செருப்பில்லாமல் தார் வீதி சுடும், அதனால் பின்னேரமாகப் போவது நல்லது. மதியத்துக்கு அன்னதானம் உண்டு. காமன் கூத்து எந்தத் தோட்டத்தில் எந்த இரவு என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற அம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார். கம்பளி கட்டாயம். ஸ்பீக்கர் கட்டுகிற தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். சாமி வெளியே வருகிற நேரத்திலாவது கோபுரத்துக் குழாயை நிறுத்திவிடுங்கள். கீழே ஒருவர் சீவாளி நனைத்துக்கொண்டு நிற்கிறார்.