ஒரு இதய ஆய்வு எங்கள் கிளினிக்குக்கு வந்த வழி

நாய், பூனைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் சிறிய கிளினிக் எங்களுடையது. எக்ஸ்ரே உண்டு, ரத்தப் பரிசோதனை உண்டு. எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம், வேண்டுமென்றால் இதய நிபுணரிடம் அனுப்ப வேண்டும். பெரும்பாலான ஆய்வுகளோ எல்லா வசதியும் உள்ள இடங்களில் நடப்பவை. அவற்றின் முடிவு எங்கள் மேசைக்கு வந்து சேர்வதற்குள் நடுவில் நிறைய வேலை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எபிக் என்ற அந்த இதய ஆய்வு 2016இல் வெளியானது. வயதான சிறிய நாய்களுக்கு வரும் மிட்ரல் வால்வு நோய் பற்றியது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள அந்த வால்வு தடித்து, சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசியும். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் மர்மர் என்ற இரைச்சல் கேட்கும், ஆனால் நாய் வழக்கம்போலச் சாப்பிடும், ஓடும். இந்தக் கட்டத்தில் மருந்து கொடுத்தால் பலன் உண்டா என்பதுதான் கேள்வி. 11 நாடுகளில் 360 நாய்களைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு பிமோபெண்டான் என்ற இதய மருந்து, இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. எந்த நாய்க்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, வளர்ப்பவருக்கும் தெரியாது. இதயச் செயலிழப்போ இதய நோயால் இறப்போ நேரும் வரையான இடைநிலைக் காலம் (பாதி நாய்கள் அந்த நிலையை எட்ட ஆன நாள்) மருந்து பெற்ற பிரிவில் 1228 நாள், மற்றதில் 766 நாள். கிட்டத்தட்ட 15 மாதம் கூடுதல். நடுவில் செய்த கணக்கிலேயே பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள்.

மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வு என்பதால் செய்முறைப் பகுதியைக் கூடுதல் கவனத்தோடு படித்தேன். முடிவுரையைவிட அந்தப் பகுதிதான் எனக்கு அதிகம் உதவியது. எந்தெந்த நாய்களைச் சேர்த்தார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. 6 வயதோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். எடை 4.1 முதல் 15 கிலோவுக்குள். மர்மர் ஆறில் மூன்றாம் நிலையாவது இருக்க வேண்டும். எக்கோவில் இடது மேலறைக்கும் பெருந்தமனிக்கும் உள்ள விகிதம் 1.6, உடல் எடைக்கு ஏற்பச் சரிசெய்த இடது கீழறை விட்டம் 1.7, இரண்டும் குறைந்தபட்சம். எக்ஸ்ரேயில் இதய அளவு, முதுகு முள்ளெலும்பின் நீளத்தை அலகாக வைத்து எண்ணினால், 10.5க்கு மேல். இவை எல்லாமே பொருந்த வேண்டும்.

அதாவது மர்மர் கேட்ட எல்லா நாய்க்கும் இந்த மாத்திரை என்று ஆய்வு சொல்லவே இல்லை. இதயம் பெரிதாகிவிட்ட நாய்க்குத்தான். இந்த வேறுபாடு நழுவிப் போனால், தேவையில்லாத நாய்க்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம் எக்கோ இல்லாத எங்கள் பிரச்சினை. இதற்கு அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ நிபுணர்களின் அமைப்பான ஏசிவிஐஎம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கைகொடுத்தது. இதயம் பெரிதாகாத, அல்லது மருந்து தேவைப்படும் அளவுக்குப் பெரிதாகாத கட்டத்தை பி1 என்றும், மருந்து தொடங்க வேண்டிய அளவுக்குப் பெரிதான கட்டத்தை பி2 என்றும் பிரிக்கிறார்கள். எக்கோ எடுக்கவே முடியாத சூழலில் எக்ஸ்ரே அளவு 11.5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது அடுத்தடுத்த எக்ஸ்ரேக்களில் இதயம் வேகமாக வளர்வது தெரிய வேண்டும் என்கிறார்கள். கருவி குறைவாக இருந்தால் வரம்பைக் கூட்டி வைப்பது எனக்கு மிகச் சரியாகப் பட்டது.

அந்த அளவை எடுப்பதைக் கிளினிக்கில் எல்லோரும் பழகினோம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தின் அடிவிளிம்பிலிருந்து இதயத்தின் நுனி வரை ஒரு கோடு. அதற்குச் செங்குத்தாக, இதயம் அகலமாக இருக்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டையும் நான்காவது மார்பு முள்ளெலும்பின் முன்விளிம்பிலிருந்து வைத்து, எத்தனை எலும்பு நீளம் என்று எண்ணிக் கூட்ட வேண்டும். சாதாரண நாய்க்கு 9.7 சராசரி. ஆனால் இனத்துக்கு இனம் மாறும். பக், புல்டாக் நாய்களுக்கு நல்ல இதயமே 10.5ஐத் தாண்டலாம். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: இருவர் தனித்தனியாக அளக்க வேண்டும், பழைய எக்ஸ்ரே இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லையில் நிற்கும் நாயை எக்கோவுக்கு அனுப்புகிறோம்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது வளர்ப்பவர்களிடம் பேசுவதுதான். “நல்லாத்தானே ஓடுறான் டாக்டர், எதுக்கு மாத்திரை?” என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நாள் கணக்குகளை எல்லாம் அவரிடம் அடுக்கவில்லை. எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, பெரிதாகியிருந்த இடது மேலறை மூச்சுக்குழாயை மேலே தூக்கியிருந்ததைக் காட்டினேன். “இந்த மாத்திரை வால்வைச் சரி பண்ணாதும்மா. மூச்சுத் திணறல் வர்ற நாளைத் தள்ளிப்போடும்” என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. குணமாகும் என்று சொல்லித் தொடங்கினால், அடுத்த முறையும் அதே மர்மர் கேட்கும்போது நம்பிக்கை போய்விடும்.

மாத்திரையை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்கச் சொல்கிறோம். கூடவே ஒரு வேலையும் தருகிறோம்: நாய் நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்று என எண்ணி, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று குறித்து வைக்க வேண்டும். 30க்குக் கீழே இருக்க வேண்டும். தொடர்ந்து மேலே போனால் உடனே அழைக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோர்ப்பதை இவ்வளவு சீக்கிரம் காட்டும் எளிய வழி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. பி1 நாய்களுக்கு மாத்திரை கிடையாது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லி, அந்தத் தேதியை நாங்களே நினைவூட்டுகிறோம்.

ஒரு மருந்தைப் புதிதாகத் தொடங்குவது இப்படி. இருப்பதை நிறுத்துவது இதைவிடக் கடினம். திடீர் வயிற்றுப்போக்கு என்றால் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதுவது எங்கள் கை பழகிய வேலை. ஆனால் 2011இல் வந்த ஒரு ஆய்வு, ரத்தத்தோடு பேதியாகும் நாய்களில்கூட, செப்சிஸ் (தொற்று உடல் முழுக்கப் பரவி ஆபத்தாகும் நிலை) அறிகுறி இல்லாதபோது அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. 2020இல், நல்ல நாய்களுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்தபோது, நிறுத்தி நான்கு வாரம் ஆகியும் குடல் நுண்ணுயிர்கள் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இதற்குப் பிறகு எங்கள் வரிசையை மாற்றினோம்: முதலில் பார்வோ வைரஸ் தொற்று இருக்கிறதா என்று சோதிப்பது, நீரிழப்பைச் சரிசெய்வது, எளிதில் செரிக்கும் உணவு. காய்ச்சல், மிகுந்த சோர்வு, வெள்ளை அணுக்களில் பெரிய மாற்றம் என்று செப்சிஸைச் சந்தேகிக்க வைக்கும் நாய்க்கு மட்டும் ஆன்டிபயாடிக். “மருந்தே தரலையே” என்று வருத்தப்படுபவர்களுக்கு மறுநாள் காலையில் கிளினிக்கிலிருந்தே போன் போகும். அந்த ஒரு போன்தான் இந்த மாற்றத்தை நிலைக்க வைத்தது.

இப்போது பூனைகளின் வலியை முகத்தைப் பார்த்து அளக்கும் முறையைப் பழகிக்கொண்டிருக்கிறோம். காது, கண், வாய்ப்பகுதி, மீசை, தலை இருக்கும் நிலை என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பத்துக்கு 4 வந்தால் வலி நிவாரணி தரவேண்டும் என்கிறது 2019இல் வெளியான ஆய்வு. அறுவை சிகிச்சைக்குப் பின் கூண்டில் இருக்கும் ஒவ்வொரு பூனைக்கும் உதவியாளர்கள் மதிப்பெண் போட்டுத் தாளில் எழுதுகிறார்கள், நான் தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மீசையில்தான் இன்னும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.