பினாலே, டோபி கானா, பாப்பாஞ்சி

2016 டிசம்பர் கடைசியில கொச்சி போனேன், மூணாவது பினாலே பாக்க. பினாலேன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு நடத்துற பெரிய கலைக் கண்காட்சி. நோட்டு செல்லாதுன்னு அறிவிச்ச நேரம், ஏடிஎம்ல ஒரு நாளைக்கு 2500 தான், அதுலயும் அந்த ரோஸ் கலர் 2000 நோட்டை நீட்டுனா டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிப்பார். நல்லவேளை, எர்ணாகுளம் ஜெட்டியில இருந்து ஃபோர்ட் கொச்சிக்கு போட்டுல (படகுல) போக பாக்கெட்ல கிடக்குற சில்லறையே போதும்.

அந்தத் தடவை மெயின் இடம் ஆஸ்பின்வால் ஹவுஸ். மிளகு, இஞ்சி, தேங்காண்ணெய்னு கப்பல் ஏத்தி வியாபாரம் பண்ணின பழைய வெள்ளைக்கார கம்பெனியோட வளாகம், தண்ணி ஓரத்துலயே. ஏசி கேலரியில நுழைஞ்சாலே எனக்கு செருப்புச் சத்தம் கேக்கக் கூடாதேன்னு ஒரு பயம் வரும், இங்க அந்த பயமே இல்ல, காரை பேந்த குடோனுக்குள்ள கைக்குழந்தையோட குடும்பம் குடும்பமா சுத்துறாங்க.

அங்க ஒரு பெரிய குடோன் முழுக்க கடல் தண்ணி. சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டாவோட வேலை, பேரு வலியின் கடல். பேன்டை மடிச்சு விட்டுட்டு தண்ணியில நடக்கணும், ரெண்டு பக்கமும் சுவத்துல கேள்வி கேக்குற மாதிரி வரிகள். 2015ல துருக்கி கரையில ஒதுங்கின குட்டிப் பையன் ஆலன் குர்தி போட்டோவை உலகமே பாத்துச்சுல்ல, அவன் அண்ணன் காலிப்பும் அதே கடல்ல தான் செத்தான், இது அந்த காலிப்புக்காக செஞ்சது. சூரிட்டாவே 1973 ராணுவப் புரட்சியப்ப கப்பலுக்குள்ள அடைபட்டுக் கிடந்தவர்னு தெரிஞ்சப்புறம் அந்தத் தண்ணியில நிக்கறதே வேற மாதிரி இருந்துச்சு. எனக்கு முன்னாடி சேலையைத் தூக்கிச் செருகிட்டுப் போன ஒரு அம்மா கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுத் தான் நகந்தாங்க, பின்னாடி நின்ன கூட்டமும் ஒண்ணும் சொல்லல.

எல்லாமே இப்படின்னு சொல்ல மாட்டேன். இருட்டு ரூம்ல ஓடுற வீடியோக்கள் பாதி எனக்குப் புரியல, பக்கத்துல ஒட்டியிருந்த விளக்கம் அதைவிட மோசம்.

அப்புறம் ஆட்டோக்கார அண்ணன் ஒருத்தர், தமிழ்னு தெரிஞ்சதும் நேரா ஃபோர்ட் கொச்சியிலயே 'வெளி'ங்கற இடத்துல இருக்குற டோபி கானாவுக்கு, அதாவது சலவைக்காரங்க துணி துவைக்கற இடத்துக்கு, கூட்டிட்டுப் போயிட்டார். டச்சுக்காரங்க காலத்துல பட்டாளத்து உடுப்பு துவைக்கக் கொண்டுவந்த தமிழ்க் குடும்பங்களோட வாரிசுங்க இன்னும் அங்க தான் வேலை பாக்குறாங்க. கொடியில ஒரு கிளிப் கிடையாது, முறுக்கின கயித்து இடுக்குலயே துணி முனையைச் செருகி காய வைக்கறாங்க, வரிசை வரிசையா வெள்ளைத் துணி. "எந்த ஊருங்க?"ன்னு தமிழ்ல கேட்டாங்க பாருங்க, பினாலேல எங்கயும் கிடைக்காத சந்தோஷம் அது.

டிசம்பர் 31 ராத்திரி கார்னிவல், ஃபோர்ட் கொச்சியோட புது வருஷத் திருவிழா. கோட்டு சூட்டு போட்ட ராட்சச தாத்தா பொம்மை, பேரு பாப்பாஞ்சி, பன்னெண்டு மணிக்கு கொளுத்திடுவாங்க, போற வருஷம் அதோட போச்சு. கோயில், சர்ச், பள்ளிவாசல்னு எல்லாத் தெரு ஆளுங்களும் ஒரே கூட்டத்துல, மூச்சு விட இடமில்ல. ஓவியம் பாக்க மட்டும் போறவங்க பினாலே நடக்குற தடவையா பாத்து ஜனவரி நடுவுல போங்க, வழக்கமா மார்ச் வரைக்கும் நடக்கும், கூட்டமும் கம்மி. ரெண்டும் வேணும்னா டிசம்பர் கடைசி வாரம் தான், ரூமை மட்டும் ரொம்ப முன்னாடியே போட்டுருங்க. இப்ப வாட்டர் மெட்ரோவும் ஃபோர்ட் கொச்சி வரைக்கும் போகுது, ஆனா எனக்கு அந்தப் பழைய போட்டு தான்.